ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்துச் சின்ன சர்வர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் எடைமேடையோடு சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். லாரியின் எடையை ஆலைக்காரரும் தோட்டக்காரரும் போனிலேயே பார்க்க ஒரு சர்வர் வேண்டும். சி மொழி, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல், நூற்றைம்பது வரி போதும். மேசையில் இருக்கும் பிரவுசரில் திறந்தால் பக்கம் சுத்தமாக வந்துவிடும். அதை நம்பி வேலையை முடித்துவிடக் கூடாது. குறியாக்கக் கணக்கை லைப்ரரி சரியாகவே போடும். சொதப்பல் எல்லாம் இணைப்பை நாம் கையாளும் இடத்தில்தான்.

சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழிலேயே முதல் சறுக்கல். 'யூஸ்_சர்டிபிகேட்_ஃபைல்' என்று முடியும் ஃபங்ஷன் கோப்பில் உள்ள முதல் சான்றிதழை மட்டும் எடுக்கும்; அதை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் போகாது. கம்ப்யூட்டர் பிரவுசர்கள் பல விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். போன் செயலிகள் பெரும்பாலும் அப்படிச் செய்யாமல் மறுத்துவிடும். 'யூஸ்_சர்டிபிகேட்_செயின்_ஃபைல்' என்பதையே பயன்படுத்துங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையால் இணைத்து, வெளியீட்டின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' 0 என்றால் சரி. 21 என்றால் இந்தச் சான்றிதழ்ச் சங்கிலி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்ததுதான் சர்வரையே முடக்குவது. ஒரு டெர்மினலில் என்சி கட்டளையால் 443 போர்ட்டைத் திறந்து, ஒரு எழுத்துகூடத் தட்டாமல் விட்டுவிடுங்கள். இப்போது போனில் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே லூப்பில் எழுதிய சர்வர், அந்த ஊமை இணைப்பின் முதல் செய்திக்காக, ஹேண்ட்ஷேக் எனும் தொடக்கப் பேச்சை நடத்தும் எஸ்எஸ்எல்_அக்செப்ட்டில் காத்து நிற்கிறது. யாரும் தாக்க வேண்டியதில்லை. அஞ்செட்டி மலைப்பாதையில் ஒரு போனுக்குச் சிக்னல் அறுந்தாலே போதும், எடைமேடையில் வரிசை நிற்கும் அத்தனை லாரிக்கும் எடை தெரியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட் (தனியே ஓடும் இழை) கொடுங்கள். ஹேண்ட்ஷேக்குக்கு முன்பே சாக்கெட்டில் (இணைப்பின் நம் பக்க முனை) படிக்கவும் எழுதவும் 10 விநாடிக் கெடு வையுங்கள். இதிலும் ஒரு கண்ணி உண்டு: கெடு முடிந்தால் எஸ்எஸ்எல்_கெட்_எரர் 'வான்ட்_ரீட்' (இன்னும் தரவு வர வேண்டும்) என்றே சொல்லும். அதைப் பார்த்து மறுபடி முயன்றால் கெடு வைத்தே பயனில்லை. அங்கேயே மூடிவிடுங்கள்.

மூடுவதையும் முழுதாகச் செய்ய வேண்டும். ஹேண்ட்ஷேக் தோற்றால் 'கன்டினியூ' போட்டு லூப்பின் தலைக்குப் போவது பலருக்கும் பழக்கம். எஸ்எஸ்எல்_ஃப்ரீ மட்டும் போதாது. எஸ்எஸ்எல்_செட்_எஃப்டி வழியாகக் கொடுத்த சாக்கெட்டை லைப்ரரி மூடாது, நாம்தான் மூட வேண்டும். லினக்ஸில் சாக்கெட்டும் ஒரு கோப்பாகவே கணக்கு; ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக 1024 கோப்புகள்தான் வரம்பு. இணையத்தில் திறந்த 443 போர்ட்டைத் துழாவும் போட்கள் (தானியங்கி நிரல்கள்) சில நாளில் அதைத் தீர்த்துவிடும். ஹேண்ட்ஷேக் எஸ்எஸ்எல் பிழையாலோ சிஸ்கால் பிழையாலோ முறிந்திருந்தால் எஸ்எஸ்எல்_ஷட்டவுனை அழைக்க வேண்டாம்.

எதிராளி போய்விட்ட சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் சிக்னல் வரும். சர்வர் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துவிடும். மெயின் தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்க ஒரு வரி எழுதுங்கள்.

எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் 'போல்' அல்லது 'செலக்ட்' ஃபங்ஷனைப் பயன்படுத்துவோர் கவனிக்க: ஒரு டிஎல்எஸ் ரெக்கார்டில் (குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ் அனுப்பும் ஒரு பொட்டலம்) 16,384 பைட் வரை இருக்கலாம். நீங்கள் 1,024 மட்டும் படித்தால் மீதி லைப்ரரிக்குள் கிடக்கும்; சாக்கெட் காலி என்று 'போல்' சொல்லும். எஸ்எஸ்எல்_பெண்டிங் பூஜ்யம் ஆகும் வரை படித்த பிறகே போலுக்குத் திரும்புங்கள்.

டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021-லேயே கைவிடப்பட்டவை, குறைந்தபட்சம் 1.2 என்று வையுங்கள். தனிச்சாவிக் கோப்புக்கு அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

கடைசியாக, 90 நாள் இலவசச் சான்றிதழ். ஏப்ரல் பாதியில் எடுத்தால் ஜூலை பாதியில், சீசன் நடக்கும்போதே காலாவதி. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்திருந்தாலும் புதிய கோப்பு டிஸ்க்கில்தான் இருக்கும். சர்வர், தொடங்கியபோது படித்த பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். 'மீண்டும் படி' என்று சொல்லப் பயன்படும் சிக்ஹப் சிக்னல் வந்ததும், சாவியையும் சான்றிதழையும் வைத்திருக்கும் எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்கி, சாவியும் சான்றிதழும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை மாற்றுங்கள். நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழையதற்கு எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ்_ஃப்ரீ அழைத்துவிட்டால், அவை முடிந்ததும் லைப்ரரியே அதை விடுவித்துவிடும்.