"ஆகவே" போட்டுப் பாருங்கள்: ஹெல்மெட் சண்டையில் வாதப் பிழைகளைப் பிடிப்பது எப்படி

வாதப் பிழையைப் பிடிக்கப் பழக வேண்டுமானால் ஹெல்மெட் சண்டையைவிட நல்ல இடம் கிடையாது. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே நாலைந்து வாதங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன, அதில் அநேகமாக எல்லா வகைப் பிழையும் இருக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வாதாடுபவர் சொன்ன காரணத்தை எழுதுங்கள், அடுத்து "ஆகவே" போடுங்கள், பிறகு அவர் முடிவை எழுதுங்கள். காரணம் உண்மையா பொய்யா என்பதை அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு உண்மை என்றே வைத்துக்கொண்டு, அது முடிவு வரை போய்ச் சேருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

"ரோடு முழுக்கக் குழி, முதல்ல அதை மூடச் சொல்லு." நிறைய பேர் விழுவது இங்கேதான், ஏனென்றால் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் "ரோடு முழுக்கக் குழி, ஆகவே ஹெல்மெட் வேண்டாம்" என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். குழி இருந்தால் இன்னும் அதிகமாக அல்லவா தேவை? இது பேச்சைத் திசை திருப்பும் வேலை. நீங்களும் கார்ப்பரேஷனைத் திட்ட ஆரம்பித்தால் போச்சு. "சரி, குழி இருக்கு, ஹெல்மெட்டுக்கு வாங்க" என்று இழுத்து வர வேண்டும்.

"எங்க தாத்தா நாற்பது வருஷம் ஹெல்மெட் இல்லாம புல்லட் ஓட்டினார், ஒரு கீறல் இல்லை." இருக்கலாம். தப்பித்தவர்களின் கதைதான் பெருமையாக வெளியே வரும், மண்டை உடைந்தவர்களின் வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே மாதிரி ஓட்டி அடிபட்டவர்கள் கணக்கு எங்கே என்று கேளுங்கள். (வாதப் பிழைகளை இப்படி ஆராய்வது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று, நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, காரணம், எடுத்துக்காட்டு மூன்றிலும் வரும் கோளாறுகளைத் தனித்தனியாக வகைப்படுத்துகிறார்.)

"ஹெல்மெட் போட்டவனும்தான் சாகிறான்." முழுசாகக் காப்பாற்றாது என்றால் சுத்தமாக வீண் என்று தாவுவது இது. 2008-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் மருத்துவ ஆய்வு அமைப்பு இது), மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட் சாவு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. நூறு இல்லைதான். ஆனால் பூஜ்யமும் இல்லையே.

"கம்பெனிக்காரன் விற்கிறதுக்காகப் பண்ண ஏற்பாடு" என்பார்கள். யாருக்கு லாபம் என்பது வேறு கேள்வி, மண்டை தப்புமா என்பது வேறு கேள்வி. "ஹெல்மெட் போட்டதிலிருந்துதான் முடி கொட்டுது" என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வயதும் கூடவே ஏறியதை யார் கணக்கில் எடுத்தார்கள்? "அப்போ நடந்து போறவனும் மாட்டிக்கணுமா?" என்று யாராவது கேட்டால், நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக்கி அடிக்கிறார் என்று அர்த்தம். பதில் சொல்லாமல், நீங்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

இதே சோதனையை ஹெல்மெட் வேண்டும் என்பவர்களுக்கும் வையுங்கள். "பிடிச்சா 1000 ரூபாய் ஃபைன், ஆகவே ஹெல்மெட் உயிர் காக்கும்." முடிவு சரி, வந்த வழி தப்பு. ஃபைன் இருப்பதால் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம், அது உயிர் காக்கும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும். ஒரு வாதத்தில் ஓட்டை இருப்பதால் மட்டும் அதன் முடிவு பொய்யாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். பிழைகளின் பெயரைப் புதிதாகக் கற்றவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். இதையெல்லாம் சுட்டிக்காட்டினால் "அப்போ நீ ஹெல்மெட்டே வேண்டாங்கிறியா?" என்று கட்டாயம் ஒருவர் கிளம்புவார். "வாதத்தைத்தான் வேண்டாங்கிறேன், ஹெல்மெட்டை இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், அதற்கு மேல் டைப் அடிப்பது விரலுக்குக் கேடு.