‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் கடன் குறையாது

கன்னியாகுமரி மாவட்டத்தில் மாதாமாதம் ஒரே அளவு பணம் வராத வீடுகள் நிறைய. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழை பிடித்துக்கொண்டால் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும். பள்ளிக்கூடம் திறப்பதும் இதே நேரத்தில்தான். கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சமாளிக்கிறோம். பில் வந்ததும் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் ‘மினிமம் டியூ’ (அந்த மாதம் குறைந்தது கட்ட வேண்டியது) என்று சின்னதாக ஒரு தொகை இருக்கிறது. அதைக் கட்டிவிட்டு, மீதியைத் தொழில் தொடங்கியதும் பார்க்கலாம் என்று விடுவதுதான் முதல் தவறு.

அந்தத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கணக்கு நிலுவை என்று பதிவாகாது. அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (பல கார்டுகளில் இந்த அளவுதான்). வட்டி 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஆக 2,065. மினிமம் என்று ஐந்து சதவீதம், அதாவது 2,500 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது வெறும் 435 ரூபாய். ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி மட்டும் 42 சதவீதம். மினிமம் மட்டும் கட்டினால் கடன் அடைய மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும் என்று பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யார் படிக்கிறோம்?

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பாக்கி வைத்தால் வட்டி கெடு நாளிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். பழைய பாக்கி முழுதாகத் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. பாக்கி இருக்கும்போது அதே கார்டில் ஓணத்துக்குத் துணி எடுத்தால், அன்றைக்கே அதற்கும் வட்டி தொடங்கிவிடும். அதனால் முதலில் கார்டை அலமாரியில் வையுங்கள், அப்புறம் அடைக்கும் வழியைப் பாருங்கள்.

ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம்: எடுத்ததற்கே தனிக் கட்டணம், வட்டி அன்றிலிருந்தே. ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டால் அடைப்பதும் வேண்டாம்.

சரி, மாட்டியாயிற்று, என்ன செய்வது? வங்கியிடம் பாக்கியை இஎம்ஐயாக மாற்றக் கேட்கலாம். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். பிராசசிங் கட்டணமும் வட்டிமேல் ஜிஎஸ்டியும் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் ஊரில் வீட்டில் நகை இருந்தும் அதை அடகு வைக்கக் கூச்சப்பட்டு கார்டு வட்டி கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது புரிவதில்லை. வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும், ஐம்பதாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய்தான். ஆனால் தொழில் தொடங்கியதும் நகையை மீட்கத் தெளிவான வழி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

‘இவ்வளவு கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்’ என்று அழைப்பு வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள். வங்கிகள் கடன் தருமுன் பார்க்கும் உங்கள் கடன் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கப் போகும்போது அது இடிக்கும். வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும், எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளலாம்.

வசூல் ஆட்களின் போனை எடுக்காமல் ஒளிவதும் தவறுதான். காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அவர்கள் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று ரிசர்வ் வங்கியின் 14448 தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.