ரெட்வுட் மரங்களைப் பார்க்கக் காரில் கிளம்பும் முன்

சென்ற வருடம் ஜூன் மாதம் சான் ஹோசேயிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, உலகத்திலேயே உயரமான மரங்களைப் பார்க்கப் போறோம். த்ரீ ரிவர்ஸ்ல ரூம் போட்டாச்சு. அங்க வேற என்ன பார்க்கலாம்?" என்று கேட்டார். அவர் ரூம் போட்டிருந்தது செக்கோயா தேசியப் பூங்காவின் வாசலில். உலகின் உயரமான மரங்கள் நிற்பதோ வடக்குக் கடற்கரையில். த்ரீ ரிவர்ஸிலிருந்து அங்கே போக 10 மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்ட வேண்டும். நல்லவேளை, கிளம்புவதற்கு முன்னால் கேட்டார்.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். கலிஃபோர்னியாவில் ராட்சத மரங்கள் இரண்டு வகை. கடலோரத்தில் வளர்வது கோஸ்ட் ரெட்வுட். ஒரேயடியாக உயரமாக வளரும்; 100 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. சியெரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில் வளர்வது ஜயன்ட் செக்கோயா. உயரத்தில் இது கொஞ்சம் பின்தங்கும், பருமனில் இதை மிஞ்ச ஆளில்லை. அங்கே நிற்கும் ஜெனரல் ஷெர்மன் என்ற மரத்தின் உயரம் சுமார் 84 மீட்டர்தான். ஆனால் அடிமரத்தின் கன அளவில் உலகிலேயே பெரிய மரம் அதுதான். வயதும் வேறு: கோஸ்ட் ரெட்வுட் 2,000 ஆண்டுகளைத் தாண்டும், செக்கோயா 3,000 ஆண்டுகளையும் தாண்டும். ஒன்று கடல் பனிமூட்டத்தில் வாழ்வது, மற்றது பனி கொட்டும் மலையில் வாழ்வது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தனித்தனியாகப் போங்கள். நம் ஊரில் செம்மரம் என்றால் ஆந்திர மலைகளில் வெட்டிக் கடத்தப்படுகிற மரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் என்பதால், இங்கே ரெட்வுட் என்றே எழுதுகிறேன். மேற்கொண்டு சொல்வதெல்லாம் கடலோர மரங்களுக்கானது.

அடுத்தது தூரம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஓரிகான் எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிரெசென்ட் சிட்டி வரை சுமார் 350 மைல். நிற்காமல் ஓட்டினாலும் ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிவிடும். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் காருக்குள்தான் இருப்பீர்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நாலு மணி நேரம்தான், அதுவே நிறைவான பயணம். வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்கா வரை போக நாலு நாளாவது வேண்டும். கையில் இருப்பது அரை நாள்தான் என்றால் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் ம்யூர் வுட்ஸ் இருக்கிறது. ஆனால் 2018 முதல் அங்கே கார் நிறுத்தவே முன்பதிவு வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் போனில் சிக்னலும் இருக்காது.

வரைபடத்தில் கடலை ஒட்டியே போகும் நெடுஞ்சாலை 1 ஆசை காட்டும். அழகான சாலைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அது லெகெட் ஊரில் நெடுஞ்சாலை 101ஐச் சேரும் வரை வளைவுக்கு மேல் வளைவு. பின் சீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிளாஸ்டிக் பையோடுதான் போக வேண்டும். போகும்போது 101இல் போங்கள். கிளமாத்துக்கும் கிரெசென்ட் சிட்டிக்கும் நடுவே லாஸ்ட் சான்ஸ் கிரேட் என்று ஓர் இடம் வரும். அங்கே மலைச்சரிவு கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் சாலை வேலையும் காத்திருப்பும் சகஜம். கிளம்பும் நாளன்று சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. ஜிபிஎஸ் காட்டுகிற 101லேயே நேராகப் போய், "மரம் பெருசாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் நிறைய. 101க்கு இணையாகவே 31 மைல் நீளத்துக்கு அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ் என்ற பழைய சாலை ஓடுகிறது. வடக்கே பிரெய்ரி கிரீக் பூங்காவில் நியூட்டன் பி. டிரூரி பார்க்வே என்று இன்னொரு 10 மைல் சாலை உண்டு. சீக்கிரம் போகும் வழியைத் தேடுகிற ஜிபிஎஸ் இந்த இரண்டுக்குள்ளும் உங்களை அனுப்பாது. சாலையோரப் பலகையைப் பார்த்து நீங்களாகத்தான் திரும்ப வேண்டும்.

திரும்பினால் மட்டும் போதாது, இறங்கவும் வேண்டும். அவென்யூவில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பில் டயர்வில் ஜயன்ட் என்ற மரம் விழுந்து கிடக்கிறது. 360 அடிக்கு மேல் உயர்ந்து நின்ற மரம், 1991 மார்ச் மாதம் சாய்ந்தது. அதன் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கூடவே நடந்து பாருங்கள். உடலிலிருந்து ஃபெர்ன் என்ற பெரணிச் செடி முளைத்திருக்கும், பாசி படர்ந்திருக்கும். நடுவில் ஏதோ ஓர் இடத்தில் 'இன்னுமா முடியவில்லை' என்று தோன்றும். கடைசியில் பிடுங்கிக்கொண்டு வந்த வேர்ப்பகுதி ஒரு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே நின்று நன்றாகக் கவனியுங்கள். இவ்வளவு பெரிய மரத்தைத் தாங்கிப்பிடிக்க ஆணிவேர் என்று ஒன்று இல்லை. ரெட்வுட்டின் வேர் பெரும்பாலும் 6 முதல் 12 அடி ஆழத்துக்குத்தான் போகும். பக்கவாட்டில் மட்டும் 100 அடி வரை பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்த்த பிறகு, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது. மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே வேர் இருக்கிறது. ஆயிரம் பேர் மிதித்தால் மண் இறுகும், தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்காது. உலகின் மிக உயரமான மரமான ஹைபீரியனுக்கு இதுதான் நடந்தது. சுமார் 116 மீட்டர் உயரம், 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. இடத்தை யாரும் அறிவிக்கவில்லை. அப்படியும் இணையத்தில் கசிந்து, பாதையே இல்லாத காட்டில் ஆட்கள் பாதை போட்டார்கள். அடிமரத்தைச் சுற்றியிருந்த ஃபெர்ன்களெல்லாம் அழிந்துபோயின. 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடியது. மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. வீடியோவில் யாரோ வழி காட்டுகிறார்கள் என்று போகாதீர்கள். இவ்வளவு பாடுபட்டுப் போனாலும் அடியில் நின்றுகொண்டு அதன் உச்சியைப் பார்க்க முடியாது. பக்கத்து மரத்தைவிட அது உயரம் என்பதும் கீழிருந்து தெரியாது. லேடி பேர்ட் ஜான்சன் குரோவில் ஒன்றரை மைல் பாதை ஒன்று இருக்கிறது. எதையும் மிதிக்காமல் அதே பிரமிப்பு அங்கே கிடைக்கும்.

கட்டுச்சோறு விஷயத்துக்கு வருகிறேன். பே ஏரியாவிலிருந்து கிளம்பும் நம் குடும்பங்கள் புளியோதரை, தயிர்சாதம், சிப்ஸ் பொட்டலம் இல்லாமல் கிளம்புவதில்லை. நானும் அப்படித்தான். சாப்பிடுங்கள், ஆனால் ஒரு பருக்கைகூடக் கீழே கிடக்கக் கூடாது. காரணம் மார்பிள்டு மர்லெட் என்ற சின்னக் கடற்பறவை. கடலில் மீன் பிடித்து வாழ்கிற இந்தப் பறவை முட்டையிட மட்டும் காட்டுக்குள் பறந்து வருகிறது. கூடு என்று தனியாகக் கட்டாது. பழைய ரெட்வுட்டின் அகலமான கிளையில் பாசி மெத்தைபோல வளர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து ஒரே ஒரு முட்டை இடும். அவ்வளவு மறைவான வாழ்க்கை என்பதால், வட அமெரிக்காவில் இதன் கூட்டை 1974இல்தான் முதன்முறையாகப் பார்த்தார்கள், அதுவும் பிக் பேசின் பூங்காவில் மரமேறிய ஒருவர் தற்செயலாகக் கண்டது. நாம் சிந்தும் சோற்றுக்கும் சிப்ஸுக்கும் ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூட்டமாக வரும். வந்தவை அப்படியே மேலே போய் அந்த ஒற்றை முட்டையையும் தின்றுவிடும். பிள்ளைகள் "பாவம், பசிக்குது" என்று பருக்கையைப் போடும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள். நான் மேசைமேல் ஒரு பழைய துண்டை விரித்துவிடுவேன். சாப்பிட்டதும் அப்படியே சுருட்டிக் காருக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

துணியிலும் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. ஜூலையில் உள்நாட்டு ஊரான சாக்ரமெண்டோ கொதிக்கிறதே என்று அரைக்கால் சட்டையோடு வந்து நடுங்குவார்கள். இந்தக் கடற்கரை கோடையிலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மழைக்காலம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கோடையில் மரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது கடலிலிருந்து உருண்டு வரும் பனிமூட்டம். ஊசியிலைகள் அதைப் பிடித்து, துளித்துளியாகக் கீழே சொட்டும். காலையில் வெயில் இல்லையே என்று ரூமிலேயே இருந்துவிடாதீர்கள். மூட்டம் இருக்கும்போதுதான் காடு உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். போட்டோவும் அப்போதுதான் நன்றாக வரும். நல்ல வெயிலில் எடுத்தால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. ஒரு ஜெர்கினும் ஈரம் தாங்கும் ஷூவும் போதும்.

அனுமதிச் சீட்டு வேண்டிய இடங்கள் இரண்டு. டால் ட்ரீஸ் குரோவுக்கு இணையத்தில் இலவசமாக வாங்க வேண்டும். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை ஃபெர்ன் கேன்யனுக்குக் காரோடு போகவும் முன்பதிவு வேண்டும். இரண்டுக்கும் மண் சாலையில்தான் போக வேண்டும். கிரெசென்ட் சிட்டி பக்கத்து ஹவ்லாண்ட் ஹில் சாலையும் அப்படித்தான். ஒரு கார் போகும் அகலம்தான், இரண்டு பக்கமும் மரம் இடிக்கிற மாதிரி நிற்கும். பெரிய வேனிலோ டிரெய்லரோடோ அதற்குள் நுழைந்தால் பின்னால் எடுக்கவும் முடியாது. வாடகைக் கார் என்றால் மண் சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள். யுரீக்காவிலோ ஆர்கேட்டாவிலோ டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

புல்வெளிகளில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேயும். பசு மாதிரி சாதுவாகத் தெரியும். ஆனால் ஆண் எல்க் 400 கிலோவுக்கு மேல் இருக்கும், இலையுதிர்காலத்தில் மூர்க்கமாகவும் இருக்கும். 25 கஜம் தள்ளியே நில்லுங்கள், குட்டியோடு இருக்கும் தாயிடம் இன்னும் தூரமாக.

சாலையோரக் கடைகளில் ரெட்வுட் முண்டில் செய்த மேசை, கிண்ணம், கடிகாரம் எல்லாம் மின்னும். மரத்தின் உடலில் புடைத்து வளரும் இந்த முண்டு வழியாகத்தான் ரெட்வுட் மறுபடியும் தளிர்க்கிறது. இதைத் திருட இரவில் ரம்பத்தோடு காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2014இல் டிரூரி பார்க்வேயை இரவு நேரத்தில் மூட வேண்டியதாயிற்று. முதலில் இருந்த பழங்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 5 சதவீதம். முண்டு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நண்பர் த்ரீ ரிவர்ஸ் ரூமை ரத்து செய்துவிட்டு, ஆகஸ்டில் நாலு நாள் ஒதுக்கி வடக்கே போனார். கடைசி நாள் பிற்பகல் ஸ்டௌட் குரோவில் இருக்கும்படி நான் சொல்லியிருந்தேன். ஸ்மித் ஆற்றங்கரையில் உள்ள அந்தத் தோப்பின் பாதை அரை மைல்தான். சாயங்கால வெயில் ஆற்றுப் பக்கமிருந்து சரிந்து உள்ளே வரும். இவருடைய மகள் கீழே கிடந்த ஒரு காயைக் கையில் எடுத்து, இது எந்தச் செடியுடையது என்று கேட்டிருக்கிறாள். ஆலிவ் பழ அளவுதான், ரெட்வுட்டின் காய். அண்ணாந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தாளாம். அன்று இரவு அவர் எனக்கு அனுப்பிய படத்தில் மரம் எதுவும் இல்லை, அந்தக் காய் மட்டும்தான் இருந்தது.