நிக்கலா இரும்பான்னு வீட்லயே பாக்கறது எப்படி

வியாசர்பாடி பக்கம் காயலாங்கடைல நிக்கல்னு சொல்லி ஒரு துண்டு குடுத்தா காந்தம் ஒட்டுதுன்னு உடனே துட்ட நீட்டாதீங்க, இரும்பும்தான் ஒட்டும்.

மொதல்ல காஞ்ச துண்ட எடை போடுங்க, 178 கிராம்னு வெச்சிக்கோங்க. அப்பறம் தராசு மேல தண்ணி டம்ளர வெச்சு ஜீரோ பண்ணிட்டு, துண்ட நூல்ல கட்டி முழுசா முங்கற மாதிரி தொங்கவிடுங்க, அடில தட்டக்கூடாது (இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க), இப்ப தராசு 20 காட்டுனா 178ஐ 20ஆல வகுங்க, 8.9, அதான் நிக்கலோட அடர்த்தி. இரும்புன்னா 7.85 கிட்ட நிக்கும். மோனல் 400ம் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) 8.8 வரும், ஆனா காந்தம் லேசாதான் புடிக்கும்.

கிரேடு இதுல தெரியாது. நிக்கல் 200, 201ங்கற கிரேடு ரெண்டுலயுமே நிக்கல் கொறஞ்சது 99 சதவீதம்தான், 201ல கார்பன் 0.02 சதவீதத்துக்கு மேல இருக்காது, அதனால 315 டிகிரிக்கு மேல சூடாவற எடத்துக்கு அதான். எந்த கிரேடுன்னு தெரிய லேப் டெஸ்ட்தான் வழி.