கிளப்போடு லே மான்ஸ்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பிரிட்டனில் பல கார் கிளப்களுக்கு ஜூன் மாதம் என்றாலே லே மான்ஸ்தான். பிரான்ஸின் லே மான்ஸ் நகரில் 1923-இல் தொடங்கிய இந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் மறு ஆண்டே பிரிட்டன் காரான பென்ட்லி ஜெயித்தது. 1927 முதல் 1930 வரை வரிசையாக நான்கு முறை வேறு. விமானத்தில் போய் இறங்கினால் கிளப்காரர்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சொந்தக் காரில் போக வேண்டும்.

முதலில் டிக்கெட். நுழைவுக்குத் தனி, கூடாரம் போடும் இடத்துக்குத் தனி. கிளப் மொத்தமாக இடம் பிடிக்கிறதா என்று பல மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கார். பிரிட்டன் கார்களின் ஹெட்லைட் இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும். வலப்பக்கம் ஓட்டும் பிரான்ஸில் அது எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். ஹெட்லைட் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேற்சட்டையும் கட்டாயம். காரின் பின்னால் ஒட்டும் நாட்டு அடையாளத்தில் பழைய ஜி.பி. ஸ்டிக்கர் 2021-இலிருந்து செல்லாது, யூ.கே. என்று இருக்க வேண்டும்.

போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் ஏறி பிரான்ஸின் கான் (Caen) துறைமுகத்தில் இறங்கினால் லே மான்ஸ் சுமார் 165 கிலோமீட்டர். வழியில் டோல் உண்டு. பணம் கட்டும் இயந்திரம் இடப்பக்கம், நீங்களோ வலப்பக்கம். பக்கத்து சீட்டில் ஆள் இல்லையென்றால் இறங்கிச் சுற்றிப் போய்க் கட்ட வேண்டும். முதல் தடவை நான் தனியாகப் போய், பின்னால் ஏழெட்டு கார் ஹாரன் அடிக்க, கார்டைக் கீழே போட்டுத் தேடினேன். கிளப் கார்கள் வரிசையாகப் போகும் கான்வாயும் அங்கேதான் சிதறும். டோல் தாண்டி எந்த ஓய்விடத்தில் சேர்வது என்று கப்பலிலேயே பேசி வையுங்கள்.

வெள்ளி மாலை நகரத்துக்குள் ஓட்டுநர்கள் ஊர்வலம். கூட்டம் நெரியும், ஒரு தடவை பார்த்தால் போதும்.

சனி மாலை 4 மணிக்குப் பந்தயம் தொடங்கும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். புதியவர்கள் இதைக் கேட்பதே இல்லை, நள்ளிரவில் கூடாரத்தில் குறட்டை விடுவார்கள். பார்க்க வேண்டியதே இருட்டில்தான், அதுவும் அர்னாஜ் வளைவில். 13.6 கிலோமீட்டர் பாதையில் இதுதான் மிக மெதுவான திருப்பம். சக்கரத்துக்குள் பிரேக் தட்டு அடுப்புக்கரி போல் சிவப்பதை வேலியோரம் நின்றே பார்க்கலாம். காதடைப்பானை மறக்க வேண்டாம்.

ஞாயிறு 4 மணிக்கு முடிந்ததும் கிளம்பாதீர்கள். வெளியே போகும் சாலை அசையாது. திங்கள் கப்பலுக்கு டிக்கெட் போடுங்கள்.