பாறைக்கரைக்குக் கணக்கெழுதுவது எப்படி: குச்சவெளிப் பக்கம் வருவோருக்கு

கரையைத் தொண்டாகப் பார்த்து, மணல், குப்பை, ஆமைத் தடம் என்று கொப்பியில் கணக்கெழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீற்றர் நடக்க வேணும், ஐயா?" என்பதுதான். ஐந்நூறு மீற்றர் போதும். அதற்கு மேல் எடுத்தால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள். நான் நில அளவையில் சங்கிலி பிடித்தவன். நீளமான துண்டை ஒருதரம் அளந்தவனை விட, சின்னத் துண்டை ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப அளந்தவன் சொல்வதைத்தான் நம்புவேன்.

மணலும் பாறையும் கலந்த இடமாகப் பாருங்கள். திருகோணமலை நகரில் சுவாமி மலைப் பக்கம் செங்குத்து. மேலே நின்று பார்க்கலாம், இறங்க நினைக்கவே வேண்டாம். புல்மோட்டை வீதியால் வடக்கே 30 கி.மீ.க்கு மேல் வந்தால் குச்சவெளியில் பாறைமுனை கடலுக்குள் நீட்டி நிற்கும், பக்கத்திலேயே மணற்கரை. முனையில் பழைய விகாரைச் சிதைவுகள் இருக்கின்றன. ஆகவே கல்லில் பெயின்ற் அடித்து அடையாளம் வைக்கிற வேலை கூடாது.

தொடங்க முன்னம் ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரிடமும் மீனவர் சங்கத்திடமும் கிட்டவுள்ள கடற்படைக் காவலிடமும் சொல்லிவிடுங்கள். கொப்பியும் போனுமாகக் கரையில் திரிகிற ஆளை எங்கள் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. வாடியில், அதாவது கரையிலுள்ள மீன்பிடிக் கொட்டிலில், இருக்கிற கரைவலைக்காரரோடு கதையுங்கள். எந்தக் கல்லில் எந்தக் காற்றுக்கு அலை ஏறும் என்பதை அவர்களைப் போல வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

படம் எடுக்கிற இடம் மாறவே கூடாது. அடையாளக் கட்டை நாட்டினால் யாராவது விறகுக்குப் பிடுங்கிவிடுவார்கள். கடல்காரர் மீன் படுகிற இடத்தை நினைவு வைப்பது எப்படி? கரையில் ஒரு பனையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே நேரில் தெரிய வேணும், மற்றப் பக்கம் இன்னொரு சோடியும் நேர்பட வேணும். அந்த இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில் வள்ளத்தை நிறுத்துவார்கள். அதையே செய்யுங்கள். எந்த இரண்டு சோடி என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சூம் பண்ணாமல் எடுங்கள்.

மணலின் சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. எமெரி என்ற கடலியலாளர் 1961இல் எழுதிவைத்த முறை இது. ஒன்றரை மீற்றரில் இரண்டு நேரான தடி, உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணி ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் கோடு, இடையில் இரண்டு மீற்றர் கயிறு. கிணற்றுக்கட்டு மாதிரி அசையாத ஒன்றின் அருகே ஒருவர் தடியோடு நிற்க, மற்றவர் கயிறு இழுபடும் வரை கடல்பக்கம் போய்த் தன் தடியை நிறுத்துவார். கரைப்பக்கம் நிற்பவர், முன்தடியின் உச்சியும் அடிவானமும் ஒன்றாகத் தெரியும் வரை குனிந்து, அந்தப் பார்வை தன் தடியை எந்தக் கோட்டில் வெட்டுகிறது என்று வாசிக்க வேணும். பதினெட்டு என்றால் தரை பதினெட்டு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. முன்னே மணல் மேடாக ஏறினால், தன் தடி உச்சியிலிருந்து அடிவானத்தைப் பார்த்து முன்தடியில் வாசித்து, சகக் குறி (+) போடுங்கள். பிறகு பின்தடி முன்தடி நின்ற இடத்துக்கு வரும். இப்படியே ஈரமணல் வரை. காலையில் செய்யாதீர்கள், எங்கள் கடல் கிழக்கே; வெயில் நேரே கண்ணில் அடித்து அடிவானம் தெரியாது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெயில் முதுகில் இருக்கும். வற்றுப்பெருக்கு எங்கள் பக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அதற்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கார்த்திகை தொடங்கி வாடை, அதாவது வடகீழ்க் காற்று, மணலை அள்ளிக்கொண்டு போகும். போன மாதம் தெரியாத கல்லெல்லாம் பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும். கச்சான் என்கிற தென்மேல் காற்றுக் காலத்தில் கடல் அடங்க, மணல் திரும்பும். மார்கழிப் படத்தையும் ஆடிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் "கடலரிப்பு" என்று ஊரைக் கலக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். மார்கழியோடு மார்கழியை ஒப்பிடுங்கள், ஆடியோடு ஆடியை.

மணலில் கறுப்பாக வரி கண்டால் எண்ணெய் என்று உடனே போன் எடுக்காதீர்கள். புல்மோட்டை இல்மனைற்று என்கிற கறுப்புக் கனிம மணல் கிடக்கிற கரை இது. ஒரு பிடி எடுத்து விரலால் தேயுங்கள். எண்ணெய் பிசுக்காக ஒட்டும். கறுப்பு மணல் உலர்ந்து உதிரும். வலுவான காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி உலர்ந்த மணலில் ஓட்டினால் கறுப்பு மணிகள் மயிர்மயிராய் ஒட்டிக்கொள்ளும்.

குப்பையை எண்ணும்போது போத்தல், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்), வலைத்துண்டு என்று வகைபிரித்தால் போதும். பார்கோட் தெரிந்தால் முதல் மூன்று இலக்கத்தை எழுதுங்கள்: 479 இலங்கை, 890 இந்தியா, 885 தாய்லாந்து, 955 மலேசியா. அது கம்பனி பதிந்த நாடுதான்; கப்பற்காரர் எறிந்ததாகவும் இருக்கலாம். போத்தலில் காம்புள்ள, சிப்பி மாதிரியான சிறு உயிர்கள் கொத்தாக ஒட்டியிருந்தால் வெகுநாள் மிதந்து வந்தது. பளபளவென்று இருந்தால் அநேகமாக எங்களுடையதுதான்.

ஆமைத் தடத்துக்கு மட்டும் விடியற்காலையில் போக வேணும், ஆளும் நாயும் மிதிக்க முன்னம். இரண்டு பக்கத் துடுப்படியும் சோடியாக நேருக்கு நேர் இருந்தால் பச்சையாமை. ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலத் தடம் என்றால் தோலாமை. மாறி மாறி விழுந்திருந்தால் ஒலிவாமையோ அழுங்காமையோ. முட்டையிட்ட இடத்தை பேஸ்புக்கில் போடாதீர்கள், அது கள்ளனுக்கு வழிகாட்டுகிற வேலை. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற போன் இலக்கத்தில் சொல்லுங்கள்.

பாறையில் தனியே ஏறக்கூடாது. ஏற முன்னம் கால் மணித்தியாலம் நின்று அலையைப் பாருங்கள். கல் கறுத்து ஈரமாக இருக்கிற உயரம் வரை அலை வரும், இப்போது வராவிட்டாலும் வரும். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். செருப்பு வேண்டாம், கட்டுகிற சப்பாத்து. வாடைக் காலத்தில் மணலோடு நின்றுவிடுங்கள். பாறைப் பக்கத்துக்கு "போகவில்லை" என்று எழுதினால் அதுவும் பதிவுதான். துருப்பிடித்த குண்டு, குழாய் மாதிரி எதுவும் கண்டால் தொடாமல் வந்த காலடியிலேயே திரும்பிப் பொலிசுக்கு, 119க்கு, எடுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் என்ன செய்வது என்று 2004 சுனாமியைக் கண்ட ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றுமே இல்லாத நாளிலும் திகதி, நேரம், காற்று, "ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்த பிறகு கரைகளில் ஆமைகள் செத்து ஒதுங்கின. வழமையாக எத்தனை ஒதுங்கும் என்ற பழைய கணக்கு இல்லாத கரைக்காரர், கூடிவிட்டது என்று எதை வைத்து வாதாடுவது?

பேனை வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். உப்புத்தண்ணி பட்டால் மை ஓடிவிடும். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கழன்றுவிடும். டொக்கியுமென்றாக அனுப்புங்கள்.