வியட்நாம் போரில் அமெரிக்கா: எழுதும்போதும் பேசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் 1975ல் வீழ்ந்த ஏப்ரல் 30 நெருங்கினாலே ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். கட்டட உச்சியில் சின்னதாக ஒரு மேடை, அதில் ஹெலிகாப்டர், அதை நோக்கி ஏணியில் வரிசையாக ஏறும் மனிதர்கள். கீழே 'சைகோன் தூதரகத்திலிருந்து தப்பி ஓடும் அமெரிக்கப் படை' என்று எழுதியிருப்பார்கள். அது தூதரகமே இல்லை. ஜியா லாங் தெருவில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. படம் எடுத்த நாள் 1975 ஏப்ரல் 29. ஏணியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

படத்தில் இருப்பது படைதான் என்று நம்புவதால் கதையின் முடிவே மாறிவிடுகிறது. போரை நிறுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27. கடைசி அமெரிக்கப் போர்ப்படை அந்த ஆண்டு மார்ச் 29ஆம் தேதியே கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு ஆண்டுகள் சண்டையிட்டது தென் வியட்நாம் ராணுவம். போர் முழுவதிலுமாக அவர்கள் தரப்பில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 'அமெரிக்கா ஒரு பக்கம், வியட்நாம் இன்னொரு பக்கம்' என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் இவர்கள் காணாமல் போகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தும் தவறு.

சரி, தொடக்கம் எது? பலரும் 1965 என்பார்கள். 1950லேயே அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு, வியட்நாமைத் தங்கள் காலனியாக வைத்துக்கொள்ள பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய போருக்குப் பணமும் ஆயுதமும் கொடுக்க ஆரம்பித்திருந்தது. 1954 மே மாதம் டியன் பியன் பூ என்ற பிரெஞ்சுத் தளம் வீழ்ந்தபோது அந்தப் போரின் செலவில் பெரும்பகுதி அமெரிக்கர்களுடையது. ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17ஆம் அட்சரேகையில் கம்யூனிஸ்ட் வடக்கு, தெற்கு என்று தற்காலிகமாகப் பிரித்தது. 1956ல் தேர்தல் நடத்தி மீண்டும் ஒன்றாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. (அந்த ஒப்பந்தத்தைக் கண்காணித்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை தாங்கியது இந்தியா.) தெற்கில் ஆட்சியிலிருந்த இங்கோ டின் ஸியெம் தேர்தலுக்கு மறுத்தார், வாஷிங்டன் அவர் பின்னால் நின்றது. வடக்கு, தெற்கு என்று எப்போதுமே இரண்டு நாடுகள் இருந்தது போல எழுதும்போது இந்த இடம் மறைந்துபோகிறது.

தெற்குக்கு அமெரிக்கா அனுப்பிய ராணுவத்தினரைக் குறிக்கும் 'ஆலோசகர்' என்ற சொல்லையும் அப்படியே விழுங்கக் கூடாது. கென்னடி பதவியேற்றபோது ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த ஆலோசகர்கள், அவர் கொல்லப்பட்ட 1963 நவம்பரில் சுமார் 16,000 பேர். இவர்கள் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள், சண்டைக்குள் போனார்கள், செத்தும் போனார்கள்.

அப்புறம், வட வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொன்ன சம்பவம். 'முழுக்கக் கட்டுக்கதை' என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியில்லை. 1964 ஆகஸ்ட் 2ஆம் தேதி வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலைத் தாக்கியது உண்மை. அதற்கு முன்பே வடக்கின் கரையோரத்தில் அமெரிக்க ஆதரவோடு ரகசியத் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்ததும் உண்மை. நடக்காதது ஆகஸ்ட் 4ஆம் தேதியின் இரண்டாவது தாக்குதல். இருட்டு, மோசமான வானிலை, ரேடாரில் ஏதேதோ புள்ளிகள். களத்தில் இருந்த தளபதியே சில மணி நேரத்தில் சந்தேகம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார், நன்றாக ஆராய்ந்த பிறகு முடிவெடுக்கச் சொன்னார். அதிபர் ஜான்சன் காத்திருக்கவில்லை, வடக்கின் மீது குண்டு வீச உத்தரவிட்டார். ஆகஸ்ட் 7ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்ற கணக்கில், படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது. முறையான போர்ப் பிரகடனம் கடைசிவரை வரவேயில்லை.

1965 மார்ச் 8ஆம் தேதி தென் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன் படையினர் வந்து இறங்கினார்கள். ஆயுதங்களோடு அலையில் நடந்து வந்தவர்களுக்கு மாணவிகள் பூமாலை போட்டு வரவேற்றார்கள். வந்த வேலை விமானத் தளத்துக்குக் காவல். நான்கே ஆண்டுகளில், 1969 ஏப்ரலில், அமெரிக்கப் படை 5 லட்சத்து 43 ஆயிரம். 1968ல் டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டின்போது கம்யூனிஸ்ட் தரப்பு தொடுத்த தாக்குதலோடு படை சுருங்க ஆரம்பித்தது என்பது தவறு, உச்சம் வந்ததே அதற்கு அப்புறம்தான். டெட்டில் களத்தில் பெரிய இழப்பு கம்யூனிஸ்ட் தரப்புக்கு. ஆனால் போர் முடியப் போகிறது என்று சில மாதங்களுக்கு முன்பு கேட்ட அமெரிக்க மக்கள், சைகோனில் தங்கள் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மார்ச் 31ஆம் தேதி, மறுபடி போட்டியிட மாட்டேன் என்றார் ஜான்சன்.

உடல் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படம் இன்னொன்று. 1972 ஜூன் 8 அன்று டிராங் பாங்கில் அந்த நேபாம் எரிகுண்டைப் போட்டது தென் வியட்நாம் விமானப்படை. விமானம் அமெரிக்கா செய்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரைபடத்தை வியட்நாமோடு நிறுத்திவிடுவதும் வழக்கம். லாவோஸில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. கம்போடியாவிலும் விழுந்தது, தொடக்கத்தில் ரகசியமாக. இறந்தவர்கள் என்றால் எல்லோருக்கும் தெரிவது 58,000 அமெரிக்கர்கள். 20 லட்சம் பொதுமக்கள், வடக்குத் தரப்பிலும் தெற்கில் அவர்களுக்காகப் போரிட்ட கொரில்லாக்களிலுமாக 11 லட்சம் பேர் என்று வியட்நாம் அரசு 1995ல் சொன்ன கணக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அநேகமாக வருவதே இல்லை.

1975ஐயும் முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மரைன்கள் காவல் காக்க வந்த அதே டா நாங் தளத்தில்தான் காட்டு இலைகளை உதிர்க்கத் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற களைக்கொல்லியின் பீப்பாய்களை வைத்திருந்தார்கள். அதிலிருந்து சிந்திய டயாக்ஸின் என்ற நச்சு மண்ணிலேயே தங்கிவிட்டது. அந்த மண்ணைத் தோண்டி, பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிக்குள் கொட்டி, நச்சு அழிய 335 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். அமெரிக்கப் பணத்தில் நடந்த அந்த வேலை முடிந்தது 2018ல். அடுத்து பியென் ஹோவா தளத்தில் 2019ல் ஆரம்பித்தார்கள். அங்கே அள்ள வேண்டிய மண் டா நாங்கைவிட அதிகம்.